துல்லியத்துக்கு வேண்டியது வேகமன்று

2009இல் போர் முடிந்த பின்னரும் யாழ். குடாநாட்டில் துப்பாக்கி என்ற சொல் அச்சத்தையே நினைவூட்டுகின்றது. ஆயினும், 1896ஆம் ஆண்டின் முதலாவது நவீன ஒலிம்பிக்கிலேயே குறிபார்த்துச் சுடுதல் ஒரு விளையாட்டாக இடம்பெற்றது.

மேலைநாடுகளில் நெடுந்தூரப் போட்டியாளர் பலர் தமது ரவைகளைத் தாமே நிரப்பிக்கொள்வர். மருந்தின் அளவும் குண்டு அமரும் ஆழமும் ஒவ்வொரு ரவையிலும் ஒரே சீராக இல்லாவிடின் குறி பிசகும். ஆதலால், பல வேலைகளை ஒருங்கே முடிக்கும் விரைவுப் பொறியை விடுத்து, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் உறுதியான பொறியையே அவர்கள் பெரிதும் தெரிவுசெய்கின்றனர்.

இலங்கையில் 1916 முதல் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கட்டளைச் சட்டம் உண்டு. வெடிமருந்துக்கும் அனுமதி வேண்டும். எனவே, இங்கு ரவை நிரப்பும் பொறியைத் தேடுவதில் பொருளில்லை. வெடிமருந்தே வேண்டாத 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியே எமக்கு உகந்தது. அதன் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் மட்டுமே. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் றியோ உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றது இப்பிரிவிலேயே.

முறையான அனுமதியுடனும் தகுந்த பயிற்றுநருடனும் தமிழ், முஸ்லிம் இளையோர் ஒன்றாகப் பயிலும் ஒரு கூடம் குடாநாட்டில் அமையுமாயின், அச்சத்தின் அச்சொல் பொறுமையின் சொல்லாகவும் மாறக்கூடும்.