தொட்டியில் 'டேங்க் கிளீனர்'... ஏரியில் வில்லன்!

வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா? அப்படியென்றால் அதில் ஒரு 'டேங்க் கிளீனர்' இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்குமே, அந்தக் கறுப்புப் புள்ளி மீன்தான். சக்கர் மீன் என்றும் சொல்வார்கள். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கும்போது விரல் நீளம்தான் இருக்கும். நன்றாக வளர்ந்தால் ஒன்றரை அடி!

அங்கேதான் சிக்கல். தொட்டி போதாமல் போனதும், 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். பூந்தமல்லிக்காரர்களுக்குப் பக்கத்து ஏரி என்றால் செம்பரம்பாக்கம். சென்னை குடிக்கும் தண்ணீர் அது.

தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த இந்தக் கெளுத்தி இனத்துக்கு உடம்பெல்லாம் எலும்புத் தகடு. துடுப்பில் முள். வலையில் சிக்கினால் வலை கிழியும். விடுவிக்கப் போனால் கை கிழியும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றாலேயே சுவாசிக்கும். அதனால் மற்ற மீன்கள் செத்து மிதக்கும் சாக்கடைத் தண்ணீரிலும் இது தாக்குப்பிடிக்கிறது. கரைக்கு எடுத்துப் போட்டாலும் பல மணி நேரம் உயிரோடு இருக்கும்.

இனப்பெருக்கம் இன்னும் விவகாரமானது. ஆண் மீன் மண்கரையைக் குடைந்து வளை தோண்டும். உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. குஞ்சு வெளிவரும்வரை அப்பாதான் காவல்! கேட்க அழகாக இருந்தாலும், ஆயிரக்கணக்கான மீன்கள் வளை தோண்டினால் கரை அரிக்கும். பிலிப்பைன்ஸ், மெக்சிகோ நாடுகள் இதை ஏற்கெனவே அனுபவித்துவிட்டன. மெக்சிகோவின் இன்ஃபியர்னிய்யோ அணையில், திலேப்பியா பிடித்துப் பிழைத்த மீனவர்களின் வலையில் இதுதான் குவிந்தது.

இந்தியாவிலும் புதிதல்ல. திருவனந்தபுரத்து ஓடைகளில் இது பெருகியதைப் பற்றி 2015-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 2020-ல் வாரணாசி அருகே கங்கையிலேயே சிக்கியது.

இன்னொன்று: பெயர்தான் கிளீனர். பாசியைச் சுரண்டித் தின்னுமே தவிர, மற்ற மீன்களின் கழிவைத் தொடாது. போதாததற்கு தன் பங்குக்கும் நிறையவே கழிவு போடும். தண்ணீர் மாற்றும் வேலை உங்களுக்குத்தான்.

வளர்க்க முடியவில்லை என்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர்களிடமும் கேட்கலாம். ஏரி, குளம், கால்வாய் எதிலும் விட வேண்டாம். தூண்டிலில் மாட்டினாலும் திரும்பத் தண்ணீரில் போடாதீர்கள். அமேசான் பகுதியில் இதைச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். நம்மூர் மீன் மார்க்கெட்டிலோ இதைச் சீண்ட ஆளில்லை.