வீடு மாறும் முன் தீர்க்க வேண்டிய கணக்கு

மும்பைத் தமிழர்கள் பலருக்கு இது வீடு மாறும் காலம். பழைய சால்களும் குடிசைகளும் இடிக்கப்படுகின்றன. அந்த இடங்களில் வானத்தைத் தொடும் அடுக்கு மாடிகள் எழும்புகின்றன.

ஒர்லி பி.டி.டி. சாலில் 160 சதுர அடி அறையில் குடியிருந்த 556 குடும்பங்களுக்கு, 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 500 சதுர அடி புது வீட்டின் சாவி வழங்கப்பட்டது. தாராவிக்கும் திட்டம் தயார். 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்று அறிவித்து இருக்கிறார்கள். பின்னால் வந்தவர்களுக்கும், மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம்.

சொந்த வீடு, தனிக் கழிப்பறை, லிப்ட் எல்லாம் வருவது மகிழ்ச்சிதான். விடியற்காலையில் டப்பாவுடன் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் தனிக் கழிப்பறையின் அருமை தெரியும். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் மூட்டை கட்டும்போது நாம் ஒரு கணக்கைப் பார்க்க மறந்துவிடுகிறோம். மின்சார பில் பாக்கியைக் கட்டுகிறோம். மளிகைக் கடை பாக்கி, பால்காரர் பாக்கி, சீட்டுப் பணம் எல்லாவற்றையும் பைசா சுத்தமாகத் தீர்க்கிறோம். நன்றி பாக்கி என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தீர்த்தோமா?

திருக்குறளில் 'செய்ந்நன்றி அறிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு அது பள்ளிக்கூடப் பாடம் மட்டும் அல்ல. ஊரில் இருப்பவனுக்குப் பங்காளி உண்டு, மாமன் மச்சான் உண்டு. இங்கே நமக்கு யார் இருந்தார்கள்? பக்கத்து அறைக்காரர் இருந்தார். ரயில் சிநேகிதர் இருந்தார். வாசலில் ஒரு நாய் இருந்தது. இவர்கள்தான் நம்முடைய உறவு முறை.

பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது

சால் வாழ்க்கையில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டில் இருந்து பலகாரம் வந்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள்.

பொங்கலுக்கு நம் வீட்டில் இருந்து சர்க்கரைப் பொங்கல் போகும். ஹோலிக்கு மராட்டி வீட்டில் இருந்து பூரண் போளி வரும். ரம்ஜானுக்கு உத்தரப் பிரதேசத்து தையல்காரர் வீட்டில் இருந்து சேமியா பாயசம் வரும். மொழி தெரியாமலேயே பாத்திரங்கள் பேசிக்கொண்டன.

பண்டம் மட்டுமா? புருஷனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில் சாவி எதிர் வீட்டில்தான் இருக்கும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் ஆள் இல்லாவிட்டால், எதிர் வீட்டு அம்மாள் நம் டிரம்மையும் நிரப்பி வைப்பாள். நம் பிள்ளைகள் பலர் மராட்டியை பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. பக்கத்து வீட்டு ஆஜியின் மடியில் உட்கார்ந்துதான் கற்றார்கள்.

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதியை மும்பைவாசிகள் மறக்க முடியாது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. மின்சார ரயில்கள் நின்றுவிட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் இடுப்பளவு தண்ணீரில் வீட்டை நோக்கி நடந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் அவர்களை வீட்டுக்குள் கூப்பிட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மாற்று வேட்டி கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அன்று இடம் கொடுத்ததில் பெரும் பகுதி இந்தச் சிறிய அறைகள்தான்.

2020-ம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ரயில் ஓடவில்லை. கூலி இல்லை. அப்போதும் அரிசியைப் பங்கு போட்டுக்கொண்டது பக்கத்து அறைதான். புது வீட்டில் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. எனவே பிரிவதற்கு முன்பு அந்தப் பாத்திரத்தை ஒரு தடவை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கூட்டி வந்தவர் எங்கே?

நெல்லைச் சீமையில் இருந்தும் மற்ற மாவட்டங்களில் இருந்தும் மும்பைக்கு வந்தவர்கள் யாரும் தானாக வரவில்லை. ஒருவர் கையைப் பிடித்து ரயில் ஏற்றிவிட்டு இருப்பார். இன்னொருவர் தாதரில் வந்து இறக்கிக்கொண்டு போய், தன் அறையில் படுக்க ஒரு பாய் அளவு இடம் கொடுத்து இருப்பார். தன் முதலாளியிடம் ஜாமீன் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்து இருப்பார்.

எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். ரயில்வே பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, அவரே கட்டணமும் கட்டி, "எழுதுடா தம்பி" என்று என் கையில் பேனாவைக் கொடுத்தார். அவர் படித்தது 3-ம் வகுப்பு. தோல் கிடங்கில் வேலை.

இப்படிப்பட்டவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. கண் மங்கிவிட்டது. மாடியில் வாடகைக்கு இருப்பதால் வீடு கிடைக்குமா, கிடைக்காதா என்ற கவலை வேறு. அவர்களுக்கு நம் பணம் வேண்டாம். அவர்கள் கேட்பது துணை. மின்சார பில், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றைத் தேடி எடுத்து வரிசைப்படுத்தி, அதிகாரி முன்பு கூட நின்று பேச ஓர் ஆள் வேண்டும். எழுத்து தெரிந்த நாம் ஒரு நாள் லீவு போட்டால் போதும். அன்று பேனா வாங்கிக் கொடுத்தவருக்கு, அதே பேனாவால் செய்யக்கூடிய கைம்மாறு இது.

நாலாவது சீட்

மும்பை மின்சார ரயிலில் 3 பேர் உட்காரும் பலகையில் 4-வது ஆளுக்கு இடம் கொடுப்பது வழக்கம். எந்த ரயில்வே விதியிலும் அது இல்லை. உட்கார்ந்து இருப்பவர் ஒரு சாண் நகருவார். நின்றவர் பாதி உடம்பை வைத்துக்கொள்வார்.

டோம்பிவிலி, கல்யாணில் இருந்து தினமும் ஒரே வண்டியில், ஒரே பெட்டியில் போகும் சிநேகிதர்களை நினைத்துப் பாருங்கள். 15 வருடம் சேர்ந்து பயணம் செய்து இருப்பார்கள். ஒருவர் வீட்டை இன்னொருவர் பார்த்தது இல்லை. ஆனால் 2 நாள் வராவிட்டால் போன் வரும். ஓடி வந்து ஏறுகிறவனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்த கை, அவன் பெயரைக் கேட்டுவிட்டு இழுக்கவில்லை.

வீடு மாறினால் வண்டியும் மாறிவிடும். சொல்லாமல் மறைந்து போகாதீர்கள். கடைசி நாளில் ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு தடவையாவது குடும்பத்தோடு வீட்டுக்கு அழையுங்கள்.

காவல் காத்த மணி

சயான் பக்கம் ஒரு குடிசைப் பகுதி. இட்லி வியாபாரம் செய்யும் ஒரு தாய்க்கு 2 பெண் பிள்ளைகள். கணவர் இல்லை. பொதுக் கழிப்பறைக்கு நாலு சந்து தாண்டிப் போக வேண்டும். இரவில் பெண்கள் போவது என்றால் பயம்.

தெருவில் பிறந்த குட்டி ஒன்றுக்கு அந்தப் பிள்ளைகள் மிச்ச இட்லி போட்டு வளர்த்தார்கள். பெயர் மணி. இரவில் கதவு திறந்தால் மணி எழுந்துகொள்ளும். முன்னால் நடக்கும். கழிப்பறை வாசலில் உட்கார்ந்து இருக்கும். கூடவே திரும்பி வரும். 6 வருடம் இந்த வேலையைச் செய்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது அந்தப் பகுதி இடிபடுகிறது. தாற்காலிகமாக ஒரு கட்டிடத்தில் வாடகைக்குப் போகிறார்கள். "நாய் கூடாது" என்று அங்கு சிலர் சொல்லி இருக்கிறார்கள். அந்தத் தாய் என்னிடம் கேட்டாள்: "அங்க வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கு சார். இதோட வேலை முடிஞ்சு போச்சுதான். அதுக்காக விட்டுட்டுப் போக முடியுமா?"

முடியாது என்றுதான் சட்டமும் சொல்லுகிறது. 1960-ம் ஆண்டு மிருக வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, வளர்த்த பிராணியைப் பசி தாகத்தில் தவிக்கும்படி கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் இல்லை என்று அந்தக் காலத்தில் வைத்தார்கள். அபராதம் சிறியதாக இருக்கலாம். செய்கிற காரியம் சிறியது அல்ல.

குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் வளர்ப்புப் பிராணிக்குத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டு இருக்கிறது. நமக்கும் பொறுப்பு உண்டு. வருடம் தவறாமல் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும். வெளியே போகும்போது கயிறு வேண்டும். அசுத்தம் செய்தால் நாம்தான் அள்ள வேண்டும். இவற்றைச் சரியாகச் செய்தால் எதிர்ப்பவர்களின் வாய் தானே அடங்கும்.

கூட்டிப்போகவே வழி இல்லை என்றால், அங்கேயே தங்குபவர் ஒருவரிடம் ஒப்படைத்து, மாதம் ஒரு தொகை சோற்றுக்குக் கொடுக்கலாம். மணியின் விஷயம் சுபமாக முடிந்தது. தடுப்பூசி அட்டையைக் கொண்டு போய்க் காட்டினார்கள். மணியும் உடன் சென்றது.

(பச்சைக்கிளி வளர்ப்பவர்கள் கவனிக்க: 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பது குற்றம். பாசம் இருந்தாலும் குற்றம்தான்.)

ரயிலில் நாய் போகலாமா?

மும்பையை விட்டு ஊருக்கே திரும்புகிறவர்கள் பார்சல் அலுவலகத்தில் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. போகலாம். ஆனால் முறை உண்டு.

ஸ்லீப்பர், 2-ம் வகுப்பு, 2 அடுக்கு, 3 அடுக்கு ஏ.சி. பெட்டிகளில் நாயை ஏற்ற அனுமதி இல்லை. முதல் வகுப்பு ஏ.சி.யில் 2 பேர் அல்லது 4 பேர் அறை முழுவதையும் நாமே எடுத்தால் உடன் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள், கார்டு பெட்டியோடு சேர்ந்த நாய்க் கூண்டில் பதிவு செய்து அனுப்பலாம். கால்நடை டாக்டரின் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

கூண்டு இடம் கொஞ்சம்தான். முன்கூட்டியே வந்து விசாரியுங்கள். பதிவு செய்யாமல் ஏற்றினால் 6 மடங்கு கட்டணம் விழும். சாப்பாடு, தண்ணீர் கொடுப்பது சொந்தக்காரர் பொறுப்பு. தெற்கே போகும் வண்டி சோலாப்பூர், குண்டக்கல் போன்ற பெரிய நிலையங்களில் நிற்கும்போது இறங்கி ஓடித் தண்ணீர் வையுங்கள். ஒன்றரை நாள் பயணத்தில் அதற்கு உங்கள் முகம் தெரிந்தால் போதும்.

நம் கையால் செய்த வீடு

சால் அறையில் கடையில் வாங்கிய சாமான் குறைவு. மாம்பழப் பெட்டிப் பலகையில் ஆணி அடித்துச் செய்த அலமாரி, தலைக்கு மேலே பரண், பெயிண்ட் டப்பாவில் துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலை. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலைகள்.

அவற்றில் எதையும் ஒருவர் தனியாகச் செய்யவில்லை. ஜூன் 2-வது வாரம் மழை பிடிப்பதற்கு முன்பு கூரைக்குத் தார்ப்பாய் போட வேண்டும். நாலு மூலையையும் இழுத்துப் பிடிக்க நாலு பேர் வேண்டும். இன்று உன் கூரை, நாளை என் கூரை. எலக்ட்ரீஷியன் சிநேகிதர் வயர் இழுப்பார். வெல்டிங் தெரிந்தவர் ஜன்னல் கம்பி வைப்பார். கூலி கேட்கமாட்டார்கள். கோழிக் குழம்புச் சாப்பாடுதான் கூலி.

புது வீட்டுக்கு அந்த அலமாரி பொருந்தாது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். துடைத்து வார்னிஷ் அடித்தால் பிள்ளைகளின் புத்தகத்துக்கு ஆகும். அதை யார் யார் சேர்ந்து செய்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கற்பூரவல்லியில் ஆளுக்கு ஒரு கிளை ஒடித்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுங்கள். அது எந்த மண்ணிலும் பிடித்துக்கொள்ளும். அவர்கள் வீட்டுச் செடியில் ஒரு கிளை வாங்கி வந்து உங்கள் ஜன்னலில் வையுங்கள்.

புதுக் கட்டிடத்தில் தார்ப்பாய் பிடிக்க ஆள் தேவை இல்லைதான். ஆனால் லிப்ட் நின்றுபோனால் வயதானவரைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். நள்ளிரவில் பிள்ளைக்கு ஜுரம் வந்தால் கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டும். எனவே போன முதல் வாரத்திலேயே அதே தளத்தில் உள்ள வீடுகளுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்து அனுப்புங்கள். கிண்ணம் திரும்பி வரும். அதில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

லாரி வந்து வாசலில் நிற்கும் நாளில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. யார் யாருக்கு என்ன பாக்கி என்று ஒரு தாளில் எழுதுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் வீட்டின் கதவைத் தட்டுங்கள்.