ம்ம்ம்ம்... இது தம்பூரா இல்லை சார்!

கம்ப்யூட்டருக்கும் ஹோம் தியேட்டருக்கும் கல்யாணம் பண்ணி வைத்தால் முதல் சண்டை சத்தத்தில் வராது, மௌனத்தில்தான் வரும். அடிதடி சீனில் ஒன்றும் தெரியாது. கதாநாயகி கண் கலங்கிப் பேசாமல் நிற்கிறாள் பாருங்கள், அப்போது எல்லா ஸ்பீக்கரும் ஒன்றுகூடி ‘ம்ம்ம்ம்...’ என்று சுருதி சேர்க்கும். தாத்தா, “யாருடா தம்பூரா போடறது?” என்பார்.

இதற்கு ஊரில் ஒரு கைவைத்தியம் உண்டு. “பிளக்குல மூணாவது பின்னைக் கழட்டிடுங்க சார், சத்தம் போயிடும்!” நிஜம்தான், போய்விடும். கூடவே வேறு சிலதும் போகலாம். உயிர் உட்பட.

அந்தத் தடித்த மூணாவது பின்தான் எர்த். கம்ப்யூட்டர் டப்பாவுக்குள் எங்காவது ஒரு கரண்ட் ஒயர் நழுவித் தகரத்தைத் தொட்டால், மின்சாரம் எர்த் வழியாக மண்ணுக்குள் பாய்ந்து ஃபியூஸ் போகும். பின் இல்லையென்றால் அது மண்ணுக்குப் போக வேறு வழி தேடும். பெருக்க வந்து டப்பாவைத் தொடுகிற அம்மாதான் அந்த வழி.

சரி, தம்பூரா எங்கிருந்து வருகிறது? கம்ப்யூட்டர் ஒரு பிளக்கில்; ஆம்ப்ளிஃபயர் இன்னொரு பிளக்கில். ஆம்ப்ளிஃபயரோடு டி.வி.; டி.வி.யோடு கேபிள்காரர் ஒயர். ஆளுக்கொரு பக்கம் பூமியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ‘எல்லாம் ஒரே பூமிதானே’ என்று பெரிய மனசோடு நினைக்கக் கூடாது. இரண்டு எர்த்துக்கு நடுவே கொஞ்சம் வோல்ட் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் பாட்டு போகிற ஒயரின் வெளிச்சுற்றில் நடை பழகும். நம் ஊர் கரண்ட் விநாடிக்கு 50 முறை ஆடுகிறதா? அந்த ஆட்டம்தான் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’.

புதுக்கோட்டைப் பக்கம் செம்பாறை மண். காய்ந்தால் எர்த்துக்கு ஒத்துழைக்காது. அதனால்தான் எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். மே மாதத்தில் மனுஷன் குளிக்கவே தண்ணீர் இல்லை, குழிக்கு யார் ஊற்றுவது?

எனவே கழற்ற வேண்டியது பின்னை அல்ல, பாட்டு போகிற அந்தச் செம்பு ஒயரை. அதற்குப் பதில் வெளிச்சத்தை அனுப்புங்கள்.

விளையாட்டில்லை. பல கம்ப்யூட்டர்களின் முதுகில், சவுண்ட் கார்டிலோ மதர்போர்டிலோ, சின்னக் கதவு வைத்த ஒரு சதுர ஓட்டை இருக்கும். உள்ளே சிவப்பாக மினுக்கும். இந்த ஆப்டிகல் இணைப்பை 1983-ல் கொண்டுவந்தது தோஷிபா. டாஸ்லிங்க் என்று பெயர். அதில் ஓடும் கணக்கு முறை சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த எஸ்பிடிஃப். கேபிள் வெறும் பிளாஸ்டிக் இழை, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் மின்சாரம் துளிகூடப் பாயாது. தம்பூராக்காரருக்கு அந்தப் பாலம் கிடையாது.

பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் கோஆக்ஸியல் ஓட்டை இருந்தால் அதிலும் இதே டிஜிட்டல்தான். ஆனால் அது செம்பு. எச்.டி.எம்.ஐ.யும் செம்புதான். இரண்டு எர்த்தையும் மறுபடி கைகுலுக்க வைத்துவிடும்.

டிஜிட்டலாக அனுப்புவது என்றால் என்ன என்று புரிய, டவுனிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள குடுமியான்மலைக்கு ஒரு நடை போய் வாருங்கள். குடைவரைக் கோயில் பக்கத்துப் பாறையில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு. கிரந்த எழுத்தில், நாலு நாலு ஸ்வரமாக வரிசை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ஒருவர் பாடி இன்னொருவர் கேட்டு, அவர் பாடி அடுத்தவர் கேட்டு வந்திருந்தால் வழியில் எத்தனை இருமல், எத்தனை கமகம் சேர்ந்திருக்கும்! அது அனலாக். எழுத்தாக வெட்டினால் ‘ச’ என்றால் ‘ச’தான். இது டிஜிட்டல். கம்ப்யூட்டர் பாடுவதில்லை, ஸ்வரத்தை எழுதிக் கொடுக்கிறது. பாடுவது ஆம்ப்ளிஃபயர்.

ஆனால் அங்கேயே ஒரு சிக்கலையும் பார்க்கலாம். அந்த ஸ்வரங்களை எப்படிப் பாட வேண்டும் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. எழுத்து பத்திரம், வாசிக்கும் முறைதான் கைவிட்டுப் போனது. உங்கள் வீட்டிலும் இதே கதை நடக்கலாம். கம்ப்யூட்டர் டால்பி டிஜிட்டல் என்ற மொழியில் எழுதி அனுப்ப, ஆம்ப்ளிஃபயருக்கு அந்த மொழி தெரியாவிட்டால், ஒன்று மௌனம், அல்லது எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் முகப்பில் டால்பி, டி.டி.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். (1996-ல் ‘கறுப்பு ரோஜா’ வந்தபோது டி.டி.எஸ். கேட்பதற்கென்றே ஜனம் தியேட்டருக்குப் போனது. இன்று அந்த மூன்றெழுத்து பழைய டப்பாவின் மூலையில் தூசியோடு உட்கார்ந்திருக்கிறது.)

அந்த மொழி எதற்கு என்கிறீர்களா? நான் பி.காம்.; லெட்ஜரை வைத்தே சொல்கிறேன். எஸ்பிடிஃப் என்பது இரண்டே பத்தி போட்ட லெட்ஜர். இடது, வலது. சி.டி. தரத்தில் விநாடிக்கு 44,100 வரி, வரிக்கு 16 பிட், இரண்டு பத்தி: மொத்தம் 14,11,200 பிட். ஜோராக அடங்கும். படத்தின் 5.1-க்கோ ஆறு பத்தி வேண்டும். அதை அப்படியே எழுதினால் விநாடிக்கு 46 லட்சம் பிட்டுக்கு மேல் போகும். லெட்ஜர் கிழிந்துவிடும். டால்பி அதைச் சுருக்கெழுத்தில் 4,48,000 பிட்டுக்குள் மடக்கி டி.வி.டி.யில் வைத்தது. சுருக்கெழுத்தைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும்படி உங்கள் பிளேயரில் சொல்ல வேண்டும். வி.எல்.சி. மாதிரிப் பிளேயர்களின் ஆடியோ செட்டிங்கில் ‘பாஸ்த்ரூ’ என்று இருக்கும். அதைத் தொடாமல் விட்டுவிட்டு, “ஆறு ஸ்பீக்கர் வாங்கியும் ரெண்டுதான் சார் பாடுது” என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

கேம் ஆடுகிற தம்பிகளுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். கேமில் சத்தம் அந்தந்த நொடியில் பிறக்கிறது. முன்கூட்டியே யாரும் சுருக்கி வைக்கவில்லை. உடனுக்குடன் சுருக்கித் தருகிற டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டி.டி.எஸ். கனெக்ட் கார்டில் இருந்தால்தான் ஆப்டிகலில் ஆறும் வரும். இல்லையென்றால் எச்.டி.எம்.ஐ.க்குப் போங்கள். 2002-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே எட்டுப் பத்தி எழுத இடம் இருந்தது.

பாஸ்த்ரூவில் கம்ப்யூட்டரின் வால்யூம் பட்டன் வேலை செய்யாது. எழுதிக் கொடுத்தவனுக்கு ஏது குரல்? எல்லாம் ஆம்ப்ளிஃபயரிடம்தான். ராத்திரி பதினொரு மணிக்கு அதைக் குறைத்து வைத்துவிட்டுப் படத்தைத் தட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் காலையில் முழிக்க வேண்டாமா!

கேபிளை ரொம்ப மடக்காதீர்கள். புதிய கேபிள் நுனியில் கண்ணாடி மாதிரிக் குட்டி மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் செருகிய பின் மறுமுனையை உள்ளங்கைக்கு நேரே பிடித்தால் மருதாணிப் பொட்டு மாதிரி சிவப்பு விழ வேண்டும். விழவில்லையா? விண்டோஸில் டிஜிட்டல் அவுட்புட்டைத் தேர்ந்தெடுத்தீர்களா பாருங்கள். சதுர ஓட்டையே இல்லாத கம்ப்யூட்டர் என்றால், ஆப்டிகல் வைத்த யு.எஸ்.பி. சவுண்ட் டப்பா தனியாகக் கிடைக்கிறது.

இவ்வளவு செய்தும் ‘ம்ம்ம்’ கேட்டால் குற்றவாளி கம்ப்யூட்டர் இல்லை, கேபிள் டி.வி. ஒயர். அதைப் பிடுங்கிப் பாருங்கள், தெரிந்துவிடும். டப்பாவைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறதா? அதற்கு ஆப்டிகல் மருந்தில்லை. கழற்றிப் போட்ட பின்னைத் தேடி எடுத்து மாட்டுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வருவதற்குள் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்.