தூற்றியாயிற்று, பத்தாயம் எங்கே?

ஆனி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே விட்டிருக்கும் இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து, முப்பந்தல் வழியாகக் கிழக்கே சீறும். அன்று அந்தக் காற்றால் ஆன பயன் களத்துமேட்டோடு சரி. மற்றபடி கண்ணில் மண்ணை வாரிப் போடும், ஓலைக்கூரையைப் பிய்க்கும். உடைமரமும் பனையும் நின்ற தரிசை விலைக்குக் கேட்பாரில்லை.

1986-இல் தூத்துக்குடி அருகே சோதனைக்காகக் காற்றாலைகள் நட்டார்கள். ஒவ்வொன்றும் 55 கிலோவாட். ஊர்க்காரர்களுக்கு அது ‘காத்தாடி’. 1990-களில், காற்றாலையில் போட்ட முதலை முதல் ஆண்டிலேயே முழுத் தேய்மானமாகக் கழித்து வருமான வரியை மிச்சம் பிடிக்க வழி கிடைத்தது. கொங்குநாட்டு நூற்பாலைக்காரர்கள் முப்பந்தலுக்கு வண்டியேறினார்கள். சீசனில் கிடைக்கும் மின்சாரத்தை மின்வாரியத்தில் ‘பேங்கிங்’ போட்டுவிட்டு, காற்றில்லாத மாதங்களில் ஆலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி.

இன்று காவல்கிணறு தாண்டி நாகர்கோவில் போகிறவருக்குக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை இறக்கைகள். மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டைக் குஜராத் முந்திவிட்டது.

காற்று குறையவில்லை. நல்ல காற்று வீசும் இடங்களை முதலில் வந்த சிறிய இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இன்றைய 3 மெகாவாட் இயந்திரம் ஒன்று, அந்த முதல் காத்தாடிகள் ஐம்பதுக்கு மேல் சமம். அதை நடப் பழையவை பலவற்றைப் பிடுங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி, ஒரு பட்டா. பழையதற்குக் கிடைக்கும் பேங்கிங் சலுகை புதியதற்கும் நிலைக்குமா என்ற தயக்கம் வேறு. இதற்கென்றே 2024-இல் அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. பட்டாக்காரர்களை ஒரே பாயில் உட்காரவைப்பது கொள்கையால் மட்டும் ஆகிற காரியமா?

வாரியத்தின் பக்கமும் நியாயம் உண்டு. பேங்கிங் என்று பெயரே தவிர, அங்கே இருப்பது கணக்குப் புத்தகம்தான். ஆனியில் வாங்கிய யூனிட்டைத் தை மாதத்தில் நிலக்கரி எரித்தோ வெளியில் வாங்கியோதான் திருப்பித் தர வேண்டும். ஆடி நள்ளிரவிலோ கதை தலைகீழ். காற்று உச்சத்தில் இருக்கும், ஊர் தூங்கும். அனல்மின் நிலையத்தை நினைத்தவுடன் அணைத்து ஏற்ற முடியாது. ஓடுகிற காத்தாடியை நிறுத்தச் சொல்லித்தான் தகவல் வரும்.

மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலணைக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் கடம்பாறை நிலையம் 1980-களின் இறுதியிலேயே வந்துவிட்டது. 400 மெகாவாட். அடுத்து எடுத்த குந்தா திட்டம், 500 மெகாவாட், பல்லாண்டு இழுபட்டது. பத்தாயிரம் எங்கே, இவை எங்கே?

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளச் சொன்னது பழமொழி. முப்பந்தல் அதைத் தட்டவில்லை. தூற்றுமுன் பத்தாயத்தைத் துடைத்து வை என்று மட்டும் யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை. நாஞ்சில் நாட்டுச் சம்சாரிக்கு அது சொல்லாமலே தெரியும்.