பழைய காரும் தானியங்கி கியர் பெட்டியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

பேகம்பூர் என்றதும் நம் திண்டுக்கல் மக்களுக்குத் தோல் ஷாப்புகளும் பெரிய பள்ளிவாசலும்தான் நினைவுக்கு வரும். அங்கு லாரி, வேன் பழுது பார்க்கும் பட்டறைகளும் உண்டு. என் தாய்மாமன் அத்தகைய பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகளாக மெக்கானிக். சென்ற ஆண்டு அங்கே 1960களில் செய்யப்பட்ட ஷெவர்லே இம்பாலா கார் ஒன்று வந்தது. அதன் தானியங்கி கியர் பெட்டி வெளியூரில் முழுவதும் பிரித்துப் புதிதாகக் கட்டப்பட்டு, தனியே ஒரு மரப்பெட்டியில் இருந்தது. அதை எஞ்சினோடு சேர்த்து மாட்டித் தர வேண்டும். ஏற்கனவே ஒருமுறை வேறோர் ஊரில் மாட்டியபோது உள்ளிருந்த ஆயில் பம்பு உடைந்துவிட்டதாம். உடைந்த பம்புக்கு மாற்று அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. இன்னொரு முறை உடைந்தால் காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டியதுதான் என்றார் உரிமையாளர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே கியாஸ் புத்தகம் முதல் கோர்ட்டு சம்மன் வரை ஆங்கிலத்தில் எது வந்தாலும் என் கைக்கு வந்துவிடும். "மாப்பிள்ளை, இதில் என்ன போட்டிருக்கிறது, படித்துச் சொல்" என்று மாமா அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தையும் என்னிடமே தந்தார். அதைப் படித்தும் அவர் கைவேலையைப் பார்த்தும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இத்தகைய கார்களை நாம் 'விண்டேஜ்' என்கிறோம். மேலைநாட்டு ஆர்வலர்களின் கணக்கில் அப்பெயர் 1930 வரை செய்யப்பட்ட கார்களுக்கே உரியது. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் விண்டேஜ் காரில் இன்று நாம் அறிந்த தானியங்கி கியருக்கு இடமே இல்லை. ஏனெனில் பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் முழுத் தானியங்கியான ஹைட்ரா-மாடிக், 1939இல் அறிவிக்கப்பட்டு 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களில்தான் வந்தது. நம் நாட்டுச் சட்டம் இவ்வளவு கறாராக இல்லை. 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஐம்பது ஆண்டைக் கடந்து மூல உருவம் மாறாமல் இருக்கும் வண்டி விண்டேஜ் வண்டியாகும். அதற்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் உண்டு. எனவே நம் இம்பாலாவும் விண்டேஜ்தான்.

நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்தப் பெட்டி பழக்கமில்லாததில் வியப்பில்லை. 1957 முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடர் போன்ற வண்டிகளில்தான் அவர்கள் தொழில் கற்றார்கள். அவை கையால் கியர் போட்டுக் காலால் கிளட்ச் மிதிக்கும் வண்டிகள். கையால் போடும் கியர் பெட்டியில் எஞ்சினும் பெட்டியும் கிளட்ச் தட்டின் உராய்வால் இணைகின்றன. தானியங்கியில் அவற்றை இணைப்பது எண்ணெய்.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றைச் சுழலவிட்டால் அதன் காற்றுப்பட்டு மற்றதும் மெல்லச் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய், திறந்த வெளிக்குப் பதில் மூடிய இரும்புக் கூடு என்று வைத்துக்கொண்டால் விஷயம் பாதி விளங்கிவிடும். எஞ்சின் சுழற்றும் இறக்கைகள் எண்ணெயை வீசுகின்றன. எதிரே உள்ள இறக்கைகள் அந்த வீச்சை வாங்கிச் சுழல்கின்றன. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இறக்கைத் தொகுதி உண்டு. திரும்பி வரும் எண்ணெயை அது எஞ்சினுக்குத் துணையான திசையில் மடக்கி அனுப்புகிறது. இதனால் வண்டி புறப்படும் நேரத்தில் திருப்பு விசை ஏறக்குறைய இரு மடங்காகிறது. இதன் பெயர் டார்க் கன்வர்ட்டர். கப்பல்களுக்காக இதை வகுத்து 1905இல் காப்புரிமை பெற்றவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர். கப்பலுக்கு என்று பிறந்தது காருக்குள் வந்து சேர்ந்தது.

நம் காரில் இருந்தது 1950இல் ஷெவர்லே அறிமுகப்படுத்திய பவர்கிளைடு வகை. முன்னோக்கிச் செல்ல இரண்டே கியர்கள்தாம். கோள் பல்சக்கரத் தொகுதியின் ஒரு பகுதியைப் பட்டையோ கிளட்சோ பிடித்து நிறுத்தும்போது கியர் மாறுகிறது. பிடிக்கும் வலிமை எண்ணெயின் அழுத்தத்திலிருந்து வருகிறது. அந்த அழுத்தத்தைத் தருவது பெட்டியின் வாயிலில் உள்ள பம்பு. கன்வர்ட்டரின் கழுத்து உள்ளே நுழைந்து அந்தப் பம்பின் பல்சக்கரத்தைக் கவ்விச் சுழற்றுகிறது.

முதல் முறை பம்பு உடைந்தது இந்த இடத்தில்தான். பெட்டியைக் காரின் அடியில் தூக்குமுன் கன்வர்ட்டரை அதற்குள் செருக வேண்டும். அது ஒரே தள்ளில் உள்ளே போய்விடாது. மையத் தண்டைச் சுற்றி அமைந்த நிலையான குழலின் பற்கள், உள்ளே சுழலும் தண்டின் பற்கள், கடைசியில் பம்பின் காதுகள் என்று மூன்றோடு அது பொருந்தியாக வேண்டும். கையால் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே தள்ளினால் 'டொக்' என்று ஒரு படி இறங்கும். மீண்டும் ஒரு படி. மீண்டும் ஒரு படி. திண்டுக்கல்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூட்டினுள் சாவி முழுதும் போகாமல் திருப்பினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

மூன்றாவது படி இறங்காமலே பெட்டியை எஞ்சினோடு சேர்த்தால் என்ன நேரும்? இரண்டுக்கும் இடையே அரை அங்குலம், முக்கால் அங்குலம் இடைவெளி நிற்கும். அவசரக்காரர் போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்தால் வந்துவிடும் என்று எண்ணுவார். இங்குதான் நம் பாடப்புத்தகம் உதவுகிறது. போல்ட்டின் மரை என்பது ஓர் உருளையில் சுற்றப்பட்ட சாய்தளம். இந்தப் பெட்டியை எஞ்சினோடு பிணைக்கும் போல்ட்டுகள் 3/8 அங்குலக் கனம். இறுக்க வேண்டிய அளவு 35 பவுண்டு-அடி, அதாவது ஏறக்குறைய 47 நியூட்டன் மீட்டர். முப்பது சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் சுமார் 16 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு அது சமம். கைக்குப் பெரிதாகத் தெரியாத பலம். ஆனால் உராய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒவ்வொரு போல்ட்டும் ஏறத்தாழ இரண்டரை டன் விசையோடு இழுக்கிறது! அத்தனை போல்ட்டுகளும் சேர்ந்து கன்வர்ட்டரைப் பின்னோக்கி நெருக்கும்போது, பொருந்தாமல் நிற்கும் பம்பின் பல்சக்கரம் தாங்குமா? சத்தம்கூடப் பெரிதாகக் கேட்காது. எஞ்சினை ஓட்டிய பிறகுதான் அழுத்தமில்லை என்று தெரியவரும்.

சர்வீஸ் புத்தகத்தை நான் வாசிக்கும் முன்பே மாமா இதை வேறு விதமாகச் சொன்னார்: "போல்ட்டு பிடித்து வைக்கத்தான், இழுத்து வர அல்ல." ஆங்கிலம் அறியாத மனிதர், லாரி கிளட்சில் கற்ற பாடத்தை இதற்கும் பொருத்திவிட்டார். பெட்டியை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினின் வழிகாட்டி ஊசிகள் இரண்டிலும் அது வெறுங்கைத் தள்ளலில் முகத்தோடு முகம் ஒட்டும்வரை அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை.

சரியாக அமர்ந்ததா என்பதற்கு எளிய சோதனை உண்டு. போல்ட்டுகளை இறுக்கிய பின்னும் கன்வர்ட்டர் கையால் தாராளமாகச் சுழல வேண்டும். கிராங்கின் முனையில் உள்ள மெல்லிய தகட்டுக்கும் கன்வர்ட்டருக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பிறகே கன்வர்ட்டரை அந்த அளவு முன்னே இழுத்துத் தகட்டோடு முடுக்குவார்கள். இடைவெளியே இல்லை என்றால் தயங்காமல் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். எங்களுக்கு நான்கு மில்லிமீட்டர் இருந்தது. அன்று பட்டறையில் எல்லோருக்கும் மாமா டீ வாங்கிக் கொடுத்தார்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கன்வர்ட்டரைச் செருகுமுன் அதற்குள் ஒரு லிட்டர் அளவு எண்ணெய் ஊற்றி வைத்தால் பம்பு முதல் சுற்றிலேயே வறண்டு தேயாது. ரேடியேட்டருக்குள் உள்ள எண்ணெய்க் குளிர்விப்பானைக் கழுவி ஊதிவிட வேண்டும். பழைய பெட்டியின் இரும்புத்தூள் அங்கே பதுங்கியிருந்து புதிய பெட்டிக்குள் நுழைந்துவிடும். புதிதாகக் கட்டிய பெட்டிகள் பல இந்த ஒரு சோம்பலால் கெடுகின்றன. எண்ணெயும் அதற்கென உள்ளதாக இருக்க வேண்டும். முற்காலத்தில் இந்த எண்ணெயில் திமிங்கல எண்ணெய் சேர்த்தார்கள். திமிங்கல வேட்டைக்கு எதிராக அமெரிக்கா சட்டம் இயற்றிய பின், 1970களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது.

பாட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்வது நமக்கெல்லாம் கைவந்த கலை அல்லவா? பெரும்பாலான தானியங்கி வண்டிகளில் அது நடவாது. எஞ்சின் சுழலாவிட்டால் பம்பும் சுழலாது. பம்பு சுழலாவிட்டால் கியர் பிடிக்காது. ஆனால் 1966 வரை வந்த பவர்கிளைடில், சக்கரங்களோடு சுழலும் இரண்டாவது பம்பு ஒன்று பின்புறம் இருந்தது. ஆகவே அதைத் தள்ளியும் கிளப்பலாம். பின்னர் செலவைக் குறைக்க அந்தப் பம்பை எடுத்துவிட்டார்கள்.

எல்லாம் பூட்டிய பின் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு நிலையிலும் சிறிது நேரம் கியரை வைத்து எடுக்க வேண்டும். பிறகு நியூட்ரலில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சூடேறிய எண்ணெயின் அளவைக் குச்சியில் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயிலைப் போல வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு தவறாகவே காட்டும். எண்ணெய் சிவப்பாகவும் தெளிவாகவும் இருந்தால் நலம். கருகிய வாடை வந்தால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.