நின்றே கெடும் டயர்

அமெரிக்காவின் மின்னசோட்டா, மிச்சிகன் போன்ற வட மாநிலங்களில் அக்டோபர் பிறந்தால் டிராவல் டிரெய்லர்களை ஓரங்கட்டத் தொடங்கிவிடுவார்கள். காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் அந்தச் சக்கர வீட்டின் தண்ணீர்த் தொட்டியை வடித்து, குழாய்கள் பனியில் வெடிக்காமலிருக்க உறையாத திரவம் ஊற்றி, கதவைப் பூட்டுவார்கள். டயரைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. மே மாதம் நெடுஞ்சாலையில் அது வெடிக்கும்போது, "பட்டன் தேயவே இல்லையே!" என்று திகைப்பார்கள்.

கார் டயர் ஓடித் தேயும். டிரெய்லர் டயர் பெரும்பாலும் நின்றே கெடும். காற்றில் துளியளவே உள்ள ஓசோன், ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கிறது. ரப்பர் இழுபட்டிருக்கும் பக்கவாட்டில் முடியிழை போன்ற வெடிப்புகள் முதலில் தெரியும். இதற்காகவே டயர் செய்யும்போது மெழுகையும் ஓசோன் தடுப்பு மருந்தையும் ரப்பரில் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளிய நெளிய அவை மேலே கசிந்து மெல்லிய காப்பாகப் படியும். மாதக்கணக்கில் அசையாத டயருக்கு அந்தக் காப்பு போதுமான அளவு கிடைப்பதில்லை.

பளபளப்புக்காகப் பெட்ரோலிய பாலிஷ் தடவுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறும். இருக்கிற காப்பையும் அது கரைத்துவிடும். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கழுவிக் காய்ந்ததும் வெளிர்நிற உறை போட்டு வெயிலை மறையுங்கள். ஜெனரேட்டர், வெல்டிங் இயந்திரம் ஓடும் கொட்டகையில் நிறுத்தாதீர்கள். அவற்றின் மின்பொறியிலிருந்தும் ஓசோன் பிறக்கிறது.

காற்று விஷயத்தில் குளிர் ஏமாற்றும். 25 டிகிரி செல்சியஸில் 65 பவுண்டு நிரப்பிய டயர், மைனஸ் 15-இல் கசிவே இல்லாமல் சுமார் 54 பவுண்டுக்கு இறங்கிவிடும். அந்தத் தளர்ச்சியோடு முழுப் பாரத்தையும் ஒரே இடத்தில் தாங்கினால் அந்த இடம் தட்டையாகும். ஆகவே டயரில் அச்சிட்டுள்ள உச்ச அளவுக்கு நிரப்பிவிட்டு நிறுத்துங்கள்; வசந்தத்தில் கிளம்புமுன் மறுபடி அளந்து பாருங்கள். அடியில் டயரின் முழு அகலத்தையும் தாங்கும் பலகை வையுங்கள். வண்டியைத் தூக்கி நிறுத்துவது இன்னும் நல்லது. ஆனால் நான்கு மூலையிலும் உள்ள கால்களால் தூக்கக் கூடாது. அவை ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. பாரம் ஏற்றினால் வளையும். தயாரிப்பாளர் காட்டும் இடத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் அமர்த்துங்கள்.

பக்கவாட்டில் 'டாட்' என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் டயரின் பிறந்த தேதி. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். சிலசமயம் அது உட்பக்கம் இருக்கும். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். ஆறு வயது கடந்த டயர்கள் உள்ள டிரெய்லரை, குடும்பத்தைக் காரில் வைத்துக்கொண்டு இழுத்துப்போக எனக்கு மனம் வராது.

எழுந்திருக்குமுன் பின்புறம் தொங்கும் ஸ்டெப்னியின் எண்ணையும் படித்துவிடுங்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து வெயிலில் தொங்குகிற அது, ஒரு மைல்கூட உருண்டிருக்காது.