இருதயப் பம்பும் கதிர்வீச்சுச் சிகிச்சையும்

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு அச்சம் தோன்றுகின்றது. மார்பினுள் இயந்திரத்தைத் தாங்கி வாழும் ஒருவருக்குப் புற்றுநோயும் கண்டுவிட்டால் அவ்வச்சம் இரட்டிப்பாகும். கதிர் பட்டால் இயந்திரம் நின்றுவிடும் என்று அஞ்சி, அவர் சிகிச்சையையே மறுத்துவிடக் கூடும். இவ்வச்சத்தில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை ஆராய்வோம்.

பம்பு செய்யும் பணி

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு நீரேற்றும் பம்பை நாம் அறிவோம். இருதயத்தின் இடது கீழறை வலுவிழந்து, மருந்துக்கும் கட்டுப்படாத நிலையில், இரத்தத்தை உடலெங்கும் செலுத்த உதவுவதே இருதயப் பம்பு. இக்காலப் பம்பு நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல்கின்றது. அதிலிருந்து ஒரு கம்பி தோலைத் துளைத்து வெளியே வந்து, நோயாளி அணிந்திருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியுடனும் மின்கலங்களுடனும் இணைகின்றது. இரத்தம் இடைவிடாது ஓடுவதால் சிலருக்கு நாடித்துடிப்புக் கைக்குத் தெரிவதில்லை.

இயந்திர இருதயம் நம் ஜொகூருக்குப் புதியதன்று. 1992ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நிறுவப்பெற்ற தேசிய இருதயக் கழகத்தில், ஜொகூரைச் சேர்ந்த ஒரு சிறுமி ஏறத்தாழ ஓராண்டுக் காலம் இயந்திர இருதயத்தின் துணையால் உயிர் வாழ்ந்தார். 2007ஆம் ஆண்டு அவருக்கு மாற்று இருதயம் பொருத்தப்பட்டது.

கதிர் எதைத் தாக்குகின்றது?

கதிர், உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சிதைத்து, அவை பெருகாமல் தடுக்கின்றது. பம்பின் உலோகத்திற்கு உயிரணு இல்லை. ஆதலால் சக்கரமும் காந்தமும் அவ்வாறு அழிவதில்லை. ஆய்வுக்கூடங்களில் சில வகைப் பம்புகளின்மீது நேராகவே கதிரைச் செலுத்திப் பார்த்தபோதும் அவை தொடர்ந்து இயங்கின. பம்புடன் வாழ்ந்த புற்றுநோயாளிகள் சிலர் சிகிச்சையை முறையாக முடித்துள்ளனர். எனினும், அத்தகையோர் தொகை சிறிதே; ஆகவே எச்சரிக்கை தேவை.

உண்மையில் கூடுதல் கவனம் வேண்டுவது நுண்ணிய மின்னணுச் சில்லுகளுக்கே. அவை கட்டுப்பாட்டுப் பெட்டியிலும், சில வகைப் பம்புகளின் உள்ளேயும், இருதயத் துடிப்பைச் சீராக்கும் கருவியிலும் உள்ளன. பம்பு பொருத்தியோர் பலரிடம் துடிப்புக் கோளாற்றைத் திருத்தும் கருவியும் இருக்கும். துடிப்புச் சீராக்கும் கருவியின்மீது மொத்தம் 2 கிரே அளவுக்கு மேல் கதிர் படலாகாது என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 1994இல் அறிவுறுத்தியது. புற்றுநோய்க் கட்டிக்கோ நாளொன்றுக்கே சுமார் 2 கிரே கொடுப்பது வழக்கம். ஆகையால் கருவி கதிரின் பாதையில் அமையாதவாறு திட்டமிடுகின்றனர். மிகுந்த ஆற்றலுடைய கதிர்கள் நியூட்ரான் துகள்களை எழுப்பிச் சில்லுகளைக் குழப்பக் கூடும் என்பதால், அவற்றையும் இயன்றவரை தவிர்க்கின்றனர்.

பம்பின் உலோகம் கதிரை மறைத்து நிழல் விழச் செய்வதும் உண்டு. நிழலில் அகப்பட்ட கட்டிக்குக் கதிர் குறைந்துவிடும். எனவே இயற்பியலாளர் கணக்கிட்டு, வேறு கோணங்களைத் தேர்ந்தெடுக்கின்றார். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பம்பின் வேகமும் மின்செலவும் சோதிக்கப்படுகின்றன.

நாம் செய்ய வேண்டியவை

ஜொகூர் பாருவிலுள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. அங்கு அனுப்பப்படுவோர் தம் உடலில் பம்போ வேறு கருவியோ இருப்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுதல் வேண்டும். கருவியின் அட்டையையும், முழுமையாக மின்னேற்றிய மாற்று மின்கலங்களையும், மாற்றுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் உடன் கொண்டு செல்லுதல் அவசியம். பம்பு உடையோர் இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வர். மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்தலாகாது. தலைச்சுற்றலோ எச்சரிக்கை மணியோ ஏற்பட்டால் உடனே தெரிவித்தல் வேண்டும்.

வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் நோயாளியின் உடலில் தங்குவதில்லை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் தந்தை தம் குழந்தையைத் தாராளமாக அணைத்துக் கொள்ளலாம்.

கருவியை மறைப்பதும், அச்சத்தால் சிகிச்சையைக் கைவிடுவதுமே பேராபத்து. புற்றுநோய் நமக்காகக் காத்திராது. ஐயம் எழுமாயின், அண்டை வீட்டாரைக் கேட்பதினும் மருத்துவரைக் கேட்டுத் தெளிவதே அறிவுடைமையாகும்.